அழுமூஞ்சித் துரை

ஓர் ஆண்பிள்ளை கண் கலங்கினால் பார்க்கிறவர்களுக்கு மனசு இளகும். எனக்கு வயிற்றைப் புரட்டும். இது பிறவிக் குணம் இல்லை. ஒரு துரையிடம் பதினோரு வருஷம் கிளாக்கர் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெருமை அவருக்கு வேண்டாம். அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் யுத்தத்துக்கு முந்திய காலம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போக வேண்டுமென்றால் மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் அவருக்கு அழுமூஞ்சித் துரை என்று பேர் வைத்திருந்தார்கள். பாருங்கள், இன்றைக்கும் 'அவர்' என்றுதான் வாயில் வருகிறது. பழக்க தோஷம், வேறென்ன?

ஆளைப் பார்த்தால் அழுகிறவர் என்று சொல்லவே முடியாது. தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து கோணியிருக்கும். காது இரண்டும் கசங்கிய வெற்றிலை மாதிரி. எல்லாம் பந்து விளையாட்டில் வந்த வீரத்தழும்பாம். ரக்பி என்பார்கள். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான்; மற்றவர்கள் அவனைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் சாய்ப்பார்கள். நம் ஜனங்கள் அதை முட்டைப்பந்து என்றார்கள். கள்ளுக்கடைச் சண்டைக்கு விசில் ஊத ஒரு ஆளை வைத்தால் எப்படியோ அப்படி.

மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஆபீஸில் எனக்கு வேலை ஓடாது. துரை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தன் ஊர்க் கதையைத் தொடங்கிவிடுவார். தான் இங்கிலீஷ்காரன் இல்லை, வேல்ஸ்காரன் என்பதை முதலில் சொல்லிவிடுவார். அவர் ஊர் நிலக்கரி வெட்டுகிற பள்ளத்தாக்கு. அப்பன், அண்ணன்மார் எல்லாரும் குழிக்குள் இறங்கிக் கரி வெட்டினவர்கள். அந்தக் கரி வெட்டிகள் கூடி ஒரு முட்டைப்பந்துக் கிளப் தொடங்கினார்களாம். சட்டைக்குக் காசில்லாமல் மாவுச் சாக்கைச் சாயத்தில் முக்கித் தைத்துப் போட்டார்களாம். ஊர்ப் பாதிரியார் அது பாவம் என்று பிரசங்கம் பண்ணினாராம். பக்கத்துப் பட்டணத்து வக்கீல், டாக்டர்மார் கிளப்பை இவர்கள் கொட்டுகிற மழையில் ஜெயித்த மறுவாரம் அதே பாதிரியார் அவர்களுக்காக ஜெபம் பண்ணினாராம். எந்த வருஷம் யாரை ஜெயித்தார்கள், கடைசி நிமிஷத்தில் பந்தை எதிரிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தவன் யார், அவன் பெண்டாட்டி யார், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் பாட்டன் பேர்கூட எனக்கு அவ்வளவு சுத்தமாக ஞாபகம் இல்லை.

கதையில் ஓர் இடம் உண்டு. அங்கே வந்தால் அழுவார். கிளப்புக்கு விளையாடத் தரை இல்லை. குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு குழி முதலாளியிடம் போய்க் கேட்டார்கள். சமதரையெல்லாம் என் குதிரைகளுக்கு வேண்டும் என்றான் அவன். சரி என்று திரும்பி வந்தவர்கள், குழியிலிருந்து வெளியே கொட்டிய கழிவுக் கல் மேடு ஒன்று சும்மா கிடந்ததே, அதை வெட்டிச் சமப்படுத்த ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யப் பாதிரியாரின் கோயில் விடாது. ஆகையால் சனிக்கிழமை சாயங்காலங்களில், குழியில் வெட்டிய கையோடு வந்து மேட்டையும் வெட்டினார்கள். இரண்டு வருஷம். அவருடைய அப்பனுக்கு ஒரு விரல் அதில் நசுங்கிப் போயிற்று. எங்கள் கிளப்பின் பெரிய வெற்றி எந்தப் பந்தயமும் அல்ல, அந்தத் தரைதான் என்பார். அவ்வளவுதான், மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். சட்டைக் கையால் துடைத்துக்கொள்வார். முதல் தடவை நானும் கூடவே அழுதேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் தடவை அழவில்லை. ஏனென்றால் அன்றைக்குக் கதை முடிந்த சமயத்தில் மலையிலிருந்து ஆள் ஓடி வந்தது. மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த தங்கையா என்பவன்மேல் மழையில் ஊறின மண் சரிந்து இடது கால் முறிந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும். தோட்டத்து வண்டி இரண்டையும் துரை கட்டச் சொல்லியிருந்தார், பண்டாரவளை ஸ்டேஷனுக்கு. சனிக்கிழமை அந்தப் பக்கத்துத் தோட்டத் துரைமாரின் முட்டைப்பந்துக் கிளப்புக்குப் பந்தயம். சாராயப் பெட்டி ரயிலில் வந்து இறங்குகிறது. ஒரு வண்டியை மட்டும் விடலாமா என்று கேட்டேன். கண்ணில் இன்னும் ஈரம் காயாத மனுஷர், ஒரே வண்டியில் அடுக்கினால் பெட்டி உடைந்துபோகும், வண்டி விட முடியாது என்றார். தங்கையாவைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தான். கால் நாலு விரல் குறைந்துபோயிற்று.

சரி, அவசரத்தில் ஒரு தடவை தவறிவிட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இன்னொரு மழைநாளில் இன்னொரு கதை. அவர் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் கழுத்தில் பலகை கட்டி மாட்டிவிடுவார்களாம். சொல்லிச் சொல்லித் தேம்பினார். அந்தக் கதையை அவர் எந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார் தெரியுமா? ஆபீஸுக்குள் தமிழ் பேசக் கூடாது என்று அவரே எழுதி ஒட்டின காகிதம் தொங்கிய சுவருக்குக் கீழே. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது இதுதான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லாருக்கும் தெரியும். ஓநாய்க்காவது தான் எதற்கு அழுகிறோம் என்று தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. அவர் கண்ணீர் பொய்க் கண்ணீர் இல்லை. சுத்தமான, உப்புக் கரிக்கிற, நெஞ்சிலிருந்து வருகிற கண்ணீர். அதுதான் எனக்கு அருவருப்பு. பொய் என்றால் ஒரு நாள் சாயம் வெளுக்கும் என்று காத்திருக்கலாம்.

இனி வீரையா விஷயத்துக்கு வருகிறேன். வீரையா அந்தத் தங்கையாவின் அண்ணன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டத்தில் முதல் ஆள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் வருஷா வருஷம் காமன் வேஷம் அவருக்குத்தான். இப்போது 'அவர்' என்கிறேன். அந்த நாளில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். கிளாக்கர் அல்லவா!

காமன் கூத்துக்கு ஒரு பொட்டல் வேண்டும். அங்கே கம்பம் ஊன்றி, நாளும் கூத்தாடி, கடைசியில் காமனை எரிக்க வேண்டும். வருஷத்துக்கு ஓர் இடமாக மாற்றக் கூடாது. மாற்றினால் லயத்துக்கு ஆகாது என்பது நம்பிக்கை. எங்கள் தோட்டத்துப் பழைய பொட்டலை இந்தத் துரைதான் தேயிலை நாற்று மேடைக்கு எடுத்துக்கொண்டார். வீரையா நாலு பேரோடு வெற்றிலை வைத்துக் கேட்கப் போனார். தரை தேயிலைக்குத்தான், கூத்துக்கு இல்லை என்று பதில் வந்தது. குழி முதலாளி சொன்ன அதே பேச்சு. குதிரைக்குப் பதில் தேயிலை. சொன்னவருக்கு அது உறைக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு உறைத்தது, வாயைத் திறக்கவில்லை.

வாசலில் வந்து, ஆறுதலுக்காக, அந்தக் கரி வெட்டிகளின் கதையை வீரையாவுக்குச் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா? அவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் குழிக்காரவுங்க யாரக் கேட்டுங்க மேட்ட வெட்டுனாங்க?"

"யாரையும் கேக்கல. சும்மா கெடந்த கல்லு மேடுதானே."

"நம்மகிட்டயும்தான் சும்மா கெடக்கு" என்றார் வீரையா.

அவர் சொன்னது தோட்டத்தின் மேல் எல்லையில், மானாப்புல் மண்டின சரிவு. கல்லும் பாறையும். தேயிலை வைத்துப் பார்த்துப் பட்டுப்போய்க் கைவிட்ட இடம். மலை அங்கே தானாகவே கொஞ்சம் படுத்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மண்வெட்டி, அலவாங்கோடு ஏறிவிட்டார்கள். தோட்டத்தின் மூன்று டிவிஷன் ஜனமும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரிப் பெரிதாக வேண்டும் என்று வீரையாவுக்கு ஆசை. ஆண்கள் பாறையைப் புரட்டினார்கள். பெண்கள் கூடையில் மண் சுமந்து பள்ளத்தில் கொட்டினார்கள். தங்கையா குட்டைக் காலை நீட்டி உட்கார்ந்து கல் உடைத்தான். வாரம் ஆறு நாள் துரைக்கு, ஏழாம் நாள் பொட்டலுக்கு. இரண்டு வருஷத்தில் மலைமேல் ஒரு சமதரை வந்துவிட்டது. புல்கூடப் பதித்தார்கள். நான் ஒரு நாள் ஏறிப் போய்ப் பார்த்து அசந்து நின்றேன்.

அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். நாளைக்குத் துரை பார்த்துவிட்டு எழுப்பிவிடுவாரோ என்று வீரையா பயந்தார். நான் சொன்னேன், ஒளிக்க வேண்டாம், அவரையே கூப்பிட்டு முதல் மரியாதை செய்யுங்கள், அவர் அப்பன் கதையும் இதே கதைதான், பார்த்தால் அழுதுவிடுவார், அழுதாரானால் பொட்டல் நம்முடையது என்று. வீரையாவுக்கும் அது சரியாகப் பட்டது. எங்கள் திருச்சி மதுரைச் சீமை வழக்கம் அது. முதல் மரியாதை வாங்குகிறவன் அந்த இடத்துக்குக் காவல். பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்ட பிறகு அவனே அதில் கை வைக்க முடியாது. இது துரைக்கு எங்கே தெரியும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்குமே தோன்றவில்லை. இங்கிலீஷ் படித்த எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தப்பு முழங்க அவரைக் குதிரையோடு அழைத்துப் போனார்கள். வீரையா மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, தேங்காயைக் கையில் கொடுத்தார். துரை தேங்காயை உடைத்தார். சுற்றிப் பார்த்தார். புல்லை மிதித்துப் பார்த்தார். எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்று சொன்னேன். அழுதார். நான் நினைத்ததைவிட அதிகமாகவே அழுதார், தோள் குலுங்கி. வீரையா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பிறகு அவர் கோடியிலிருந்து கோடிக்கு நீட்டு நீட்டாகக் கால் வைத்து அளந்துகொண்டு நடந்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். இவர்கள் எனக்கு ஒரு ரக்பித் தரை செய்து கொடுத்திருக்கிறார்கள், என் அப்பன் இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே, மேல்பக்கம் இன்னும் பத்தடி வெட்டினால் அளவு சரியாகிவிடும், என்று. துரை என்ன சொல்கிறார் என்று வீரையா கேட்டார். அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இவர்கள் கூத்துக்காக வெட்டினது ஐயா என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை. ரொம்பச் சந்தோஷமாம் என்று வீரையாவிடம் சொன்னேன். த்தூ.

அடுத்த வாரம் வண்டியில் முட்டைப்பந்துக்குக் கோல் கம்பங்கள் வந்தன. மேல்பக்கத்துப் பத்தடியையும் அவர்களையே வெட்ட வைத்தார்கள். கூலி ஆட்களுக்கெல்லாம் மேலாளான பெரிய கங்காணி லயத்துக்கு வந்து, பொட்டல் இனிமேல் துரைமார் கிளப்புக்கு, யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வீரையா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றார். நான் பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊவாப் பக்கத்துத் துரைமார் கிளப்புக்கு அதன் பிறகு நல்ல காலம். சொந்தத் தரை வந்தது, பழக்கம் வந்தது, வேறு ஜில்லாத் துரைமாரை வரிசையாக ஜெயித்தார்கள். ஒரு வெள்ளிக் கிண்ணமும் வந்தது. தரைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் பலகை மாட்டி, ஜெயித்த பந்தயங்களை வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். மேலே பாதியில் அவர் ஊர்க் கரி வெட்டிக் கிளப்பின் சரித்திரம், கீழே பாதியில் இந்தக் கிளப்பின் சரித்திரம். தரை எப்படி வந்தது என்றும் ஒரு வரி உண்டு: துரையின் மேற்பார்வையில் சமப்படுத்தப்பட்டது. பந்தய நாளில் நம் ஆட்கள் சரிவில் வரிசையாக நின்று கை தட்ட வேண்டும். பந்து பள்ளத்தில் உருண்டால் ஓடிப் போய் எடுத்து வர வேண்டும். கரி வெட்டிகள் விளையாடின கிளப்பின் பிள்ளை என்று மார் தட்டிக்கொள்ளும் மனுஷருக்கு, இவர்களில் ஒருவன் கையில் பந்தைக் கொடுத்துப் பார்ப்போமே என்று பதினோரு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோன்றவில்லை.

பொட்டல் பறிபோன அந்த வருஷத்து மாசியில் காமன் கூத்தை இரண்டு லயத்துக்கும் நடுவில், சாக்கடைக் கான் ஓரத்தில் ஆடினார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் கை வீச இடம் இல்லை. ரதி வேஷம் போட்ட ஆள் சுற்றி ஆடும்போது கால் தவறிக் கானுக்குள் விழுந்துவிட்டார். சேலையெல்லாம் சேறு. பிள்ளைகள் சிரித்துவிட்டன. சாமிக் காரியத்தில் சிரிப்பு வந்துவிட்டதே என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். யாரோ விருந்தாளித் துரைக்குக் கூத்துக் காட்டவென்று அந்தச் சமயம் பார்த்து இவரும் வந்து சேர்ந்தார். சேற்றோடு எழுந்த ரதி, எரிந்துபோன புருஷனுக்காக ஒப்பாரி வைத்ததைப் பார்த்தார். என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அழுதார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தி, இந்த ஜனங்களுக்கு எவ்வளவு உணர்ச்சி என்று விருந்தாளியிடம் சொன்னார்.

கடைசியில் அவர் ஊருக்குத் திரும்பிப் போகிற நாள் வந்தது. துரை போனால் ஜனங்கள் உபசாரப் பத்திரம் வாசித்துக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். பெரிய கங்காணி ஏற்பாடு பண்ணினார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. வழக்கமான சரக்குத்தான்: தாயும் தகப்பனும் போல எங்களைக் காத்த துரையவர்களே, இத்யாதி. ஆனால் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எங்கள் கையால் வெட்டிய தரையை எங்கள் துரைக்கு மனமுவந்து காணிக்கையாகக் கொடுத்தோம், அது என்றென்றும் கிளப்புக்கே உரியது, என்று. ஒரு பிரதியை அவர் ஊர்க் கிளப்பின் சுவரில் மாட்டப் போகிறாராம். இன்னொரு பிரதி இங்கே புதுத் துரையிடம் இருக்குமாம், நாளைக்கு ஒரு வழக்கு வம்பு வந்தால் காட்ட. அதில் தரை வெட்டினவனின் கைநாட்டு வேண்டும், அவன் பேரை என் ஊர் ஜனங்கள் பார்க்க வேண்டும் என்றார். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

எழுதினேன். தமிழிலும் இங்கிலீஷிலும், மணிமணியான எழுத்தில். எழுதமாட்டேன் என்று சொன்னால் வேறு ஒருவன் எழுதப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைகள் எல்லாருக்கும் தெரிந்த சமாதானம் அது.

வீரையாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துரை மேசைக்குப் பின்னால் நின்றார். நான் பத்திரத்தை வாசித்தேன். தாயும் தகப்பனும் போல என்பதை வாசித்தேன். நீடூழி வாழ்க என்பதை வாசித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. வாசித்தால் கைநாட்டு வைக்க மாட்டார். வைக்காவிட்டால் அடுத்த மாதம் நான் வேறு வேலை தேட வேண்டும்.

வீரையா மையில் பெருவிரலைத் தொட்டு, நான் காட்டின இடத்தில் அழுத்தினார், இரண்டு பிரதியிலும். தலை நிமிர்ந்தபோது துரையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தொரை எதுக்குங்க அழுவுறாரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

உங்களையெல்லாம் விட்டுப் பிரிகிறாரே, அதற்குத்தான் என்றேன்.

வீரையா வேட்டி முனையில் விரலைத் துடைத்துக்கொண்டார். கேட்கலாமா கூடாதா என்று தயங்கின மாதிரி இருந்தது.

"போற மனுசருக்கு இனி எதுக்குங்க அந்தப் பொட்டலு? நம்மகிட்டயே விட்டுட்டுப் போறேன்னு இந்தக் காயிதத்துலயே ஒரு வார்த்த எழுதி வாங்கிரலாங்களா, கிளாக்கரையா?"

"அதெல்லாம் எழுதியாச்சு" என்றேன்.

வீரையா சட்டென்று குனிந்து, துரையின் கால் சப்பாத்து இரண்டையும் தொட்டுக் கும்பிட்டார்.